பேனரில் காரிகன் பெயர்

ஃபுட்டி என்கிற கால்பந்து ஆட்டத்துக்கு மெய்ட்ஸ்டோன் நாரைகள் அணி மைதானத்துக்குள் வருவதற்கு முன், நுழைவாயிலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெரிய காகிதப் பேனர் எழுந்து நிற்கும். வீரர்கள் அதைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே ஓடிவருவார்கள். சனிக்கிழமை முழுக்க முழங்கால் தேய ஒட்டிச் செய்ததை அவர்கள் ஒரே மூச்சில் கிழித்துப் போடுவதைப் பார்த்து கிளெனிஸ் டபோனுக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை. கிழியாமல் போனால்தான் வருத்தம். ஒருமுறை டேப்பை அதிகமாக ஒட்டிவிட்டார்கள். கேப்டன் பேனரில் மோதி மல்லாந்து விழுந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள்.

பேனருக்குப் பொறுப்பு கிளெனிஸ்தான். என்ன எழுதுவது என்று ரசிகர் குழுவில் எல்லோரும் சண்டை போடலாம், கடைசியில் முடிவு செய்வது அவள். வார நாட்களில் நகராட்சி நீச்சல் குளத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவளிடம் யாரும் ஃபுட்டி பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை.

அந்த ஆகஸ்டில், சொந்த மைதானத்தில் சீசனின் கடைசி ஆட்டமும் அணியின் நட்சத்திரம் நேட் காரிகனின் நூற்றைம்பதாவது ஆட்டமும் ஒன்றாக வந்தன. நூற்றைம்பது ஆடியவன் பெயர் பேனரில் ஏறும். அது வழக்கம், அதை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. இந்த முறை கேட்டார்கள். நேட்டின் காண்ட்ராக்ட் அந்த சீசனோடு முடிந்தது. கிளப் இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தருவதாகச் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன, அவன் கையெழுத்துப் போடவில்லை. மைக்கை நீட்டியவர்களிடம் எல்லாம், சீசன் முடியட்டும், பேசலாம் என்று ஒரே பதிலைச் சொன்னான். நாட்டின் மறுகோடியிலுள்ள பெர்த் கிளப் அவனைக் கேட்கிறது, ஆளை மாற்றிக்கொள்ளும் டிரேட் பேச்சு நடக்கிறது என்று ரேடியோவில் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை நேட்டின் மனைவி கீரா, நீச்சல் வகுப்பு முடிந்து தலை ஈரத்தோடு நின்ற மகள் மார்லியைக் கையில் பிடித்தபடி கிளெனிஸின் மேசைக்கு வந்தாள். மார்லி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வியாழன்தோறும் வருகிறவர்கள். இருவரும் காது வலி, தொலைந்துபோன நீச்சல் கண்ணாடி, கீரா வேலை பார்க்கும் பிரசவ வார்டு என்று எல்லாம் பேசியிருக்கிறார்கள். பேனர் செய்கிறவள் இவள்தான் என்று கீராவுக்குத் தெரியும். அவள் யார் மனைவி என்று கிளெனிஸுக்கும் தெரியும். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததே இல்லை.

"அடுத்த டேர்முக்கு மார்லிய சேர்க்கல, கிளெனிஸ்," என்றாள் கீரா. "அவ இடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

வியாழக்கிழமை வகுப்பில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் குழந்தைகள் எத்தனையோ பேர். அந்த இடத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்த டேர்ம் என்றால் அக்டோபர். கிளெனிஸின் விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன.  அவள் ஊகித்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததுமே கீராவுக்குப் புரிந்துவிட்டது.

"எங்க ஊரு ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு, பெர்த் பக்கத்துல, ராக்கிங்ஹாம்ல," என்றாள் குரலைத் தாழ்த்தி. "பத்தொம்பது வயசுல அவன் பின்னாடி இங்க வந்தேன். அப்பவே பேசிக்கிட்டோம், மொதல்ல அவன் முறை, அப்புறம் என் முறைன்னு. அவன் அத மறக்கல. நான்தான் கேக்கத் தயங்கினேன்."

கிளெனிஸ் தலையசைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேக்க மாட்டேன். அது உங்க டீமாச்சே."

"இங்க கேட்டது இங்கயே இருக்கும்," என்றாள் கிளெனிஸ். மார்லியின் பெயரை எடுத்துவிட்டு, குழந்தைக்கு வழக்கமாகத் தரும் ஸ்டிக்கரைக் கொடுத்து அனுப்பினாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது இரண்டு சிக்னல்களில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்று, பின்னால் வந்தவர்களிடம் ஹாரன் வாங்கினாள்.

சனிக்கிழமை சாரணர் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, நீலமும் மஞ்சளுமாக கிரேப் காகிதத்தைத் தரை முழுக்க விரித்தார்கள். கான்கிரீட் போடுகிற ஸ்லாட்கோ பாவ்லிச், மனைவி செய்துகொடுத்த பூரெக் என்ற இறைச்சிப் பஃப்ஸை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்திருந்தான். காற்றடிக்கும் நாளில் கம்பம் பிடிக்க அவனைவிட்டால் ஆள் கிடையாது. மருந்துக்கடையில் வேலை செய்யும் லின், நேட்டின் எண்ணான இருபத்தேழைப் போட்ட ஜெர்சியில் வந்தாள். படிக்கிற காலத்தில் வாங்கியது, கழுத்தோரம் வெளுத்துப்போயிருந்தது.

பேச்சு உடனே நேட்டிடம் போய் நின்றது. அவன் விலையை ஏற்றத்தான் இழுத்தடிக்கிறான் என்றான் ஸ்லாட்கோ. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் தரலாம் என்று லீக்கில் வரம்பு இருக்கிறது. அவன் ஒருவனுக்கே அள்ளிக் கொடுத்தால் நல்ல பையன்கள் நாலு பேர் வெளியே போக வேண்டியதுதான். இப்போதே பெர்த்துக்குக் கொடுத்துவிட்டு, நவம்பரில் புதுப் பையன்களை எடுக்கும்போது முதல் வரிசையில் இரண்டு இடம் வாங்கிக்கொள்வதுதான் புத்தி என்றான். பள்ளிக்கூடப் பையன்கள் ரெண்டு பேருக்காக லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரனை யாராவது கொடுப்பார்களா என்று கேட்டாள் லின். கோச்சுக்கும் அவனுக்கும் பேச்சே இல்லையாம் என்று காகிதம் வெட்டிக்கொண்டிருந்த யாரோ சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, அவனுடைய புது மேனேஜர்தான் அவனைக் கெடுக்கிறான் என்றார் இன்னொருவர். கிளெனிஸ் மண்டியிட்டு டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டே கேட்டாள். ஒருவரும் உண்மையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதைவிட, இவ்வளவு பேச்சில் அவனுக்கு ஒரு மனைவி இருப்பதே யாருக்கும் நினைவு வராததுதான் அவளை என்னவோ செய்தது.

"வாசல்ல ஒரு கால வெச்சிட்டு நிக்கறவனுக்கு எதுக்கு பேனர்?" என்றான் ஸ்லாட்கோ.

"இன்னும் நம்ம ஜெர்சிதானே போட்டிருக்கார்," என்றாள் லின்.

"டிரெயின்ல போறவன்கூடத்தான் அவன் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் நம்ம பக்கத்துல உக்காந்திருப்பான்மா. அதுக்காக அவன் நமக்குச் சொந்தமா?" பூரெக்கை ஒரு கடி கடித்துக்கொண்டு தொடர்ந்தான். "சரி, எழுதியே ஆகணும்னா இப்படி எழுது. நேட், பேனா எங்க கையில. உன் கை எங்க?"

கூடமே சிரித்தது. கிளெனிஸும் சிரித்துவிட்டாள்.

லின் சிரிக்கவில்லை. போனில் எழுதி வைத்திருந்ததை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். 'இன்னும் ஐந்து வருஷம் இரு, நேட். இதுதான் உன் வீடு.' படிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் ஆடியது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். நல்லா இருக்கே, இதையே போடலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். 

கிளெனிஸுக்கு வீரர்களின் குடும்பங்கள் உட்காரும் வரிசை கண்முன் வந்தது. மார்லி இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். குளத்தில் இருக்கிற பலகையை எல்லாம் விடாமல் சத்தமாகப் படிப்பாள். இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் இந்த வரியையும் அம்மா மடியில் உட்கார்ந்து படிப்பாள். கீரா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கிளெனிஸுக்கு ஒரு நன்றி எழுதத்தான் ஆசை. ஆனால் நன்றி என்று எழுதினால் அது வழியனுப்புவதாகிவிடும், அன்று மாலையே ரேடியோவில் வந்துவிடும்.

"பேனாவும் வேணாம், வீடும் வேணாம்," என்றாள். பென்சிலை எடுத்து, ஓரத்தில் கிடந்த துண்டுக் காகிதத்தில் எழுதினாள்.

'நூற்றைம்பது ஆட்டம், நாரைகளின் ஓட்டம். நேட் காரிகன், 27.'

"இவ்ளோதானா?" என்றாள் லின். "பர்த்டே கேக்குல எழுதற மாதிரி இருக்கு."

"இவ்ளோதான்."

"அவர் இருக்கணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையா, கிளெனிஸ்?"

"இருக்கு," என்றாள் கிளெனிஸ். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் எங்கே போய் முடியுமோ என்று அச்சை வைத்து எழுத்துகளை வெட்டத் தொடங்கினாள். லின் மறுபக்கம் போய் மஞ்சள் காகிதத்தை ஒட்டினாள். ஸ்லாட்கோவுக்கோ பெயர் ஏறியதே பொறுக்கவில்லை. நாளைக்குக் கம்பம் பிடிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தெற்குக் காற்று. பேனரைச் சுருட்டிக்கொண்டு எல்லைக் கோட்டருகே வந்தபோது, இடது கம்பத்தை யாரிடம் கொடுப்பது என்று கிளெனிஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலைக்குப் போடும் பூட்ஸோடு ஸ்லாட்கோ வேலியைத் தாண்டி வந்தான்.

"காகிதத்துக்காக வந்தேன். அவனுக்காக இல்ல," என்றான்.

"சரி, பிடி," என்றாள் கிளெனிஸ்.

கயிற்றை இழுத்ததும் பேனர் எழுந்தது. காற்று அதை ஒரு பக்கமாக உப்ப வைத்தது. ஸ்லாட்கோ கழுத்து நரம்பு புடைக்கக் கம்பத்தோடு மல்லுக்கு நின்றான். சுரங்க வழியிலிருந்து அணி வந்தது. எல்லோருக்கும் முன்னால் நேட், ஒரு கையில் மார்லியைத் தூக்கியபடி ஓடிவந்தான். பேனருக்கு முன்னால் கொஞ்சம் நின்று, மகளுக்கு அதைப் படிக்க நேரம் கொடுத்தான். பிறகு குழந்தையின் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு கிழித்து நுழைந்தான். காதில் நீலக் காகிதம் ஒட்டியிருக்க, மார்லி கயிற்றைப் பிடித்து நின்றவளைப் பார்த்துவிட்டாள்.

"கிளெனிஸ்!" என்று கூவிக் கை ஆட்டினாள்.

பக்கத்தில் கயிறு பிடித்திருந்த லின் திரும்பிப் பார்த்தாள். "உங்கள அவளுக்கு எப்படித் தெரியும்?"

"குளத்துக்கு வருவா," என்றாள் கிளெனிஸ்.

ஆட்டத்தில் நாரைகள் தோற்றன, பெரிய வித்தியாசத்தில் இல்லை. நேட் நன்றாக ஆடினான், அவனுடைய சிறந்த ஆட்டம் என்று சொல்ல முடியாது. முடிந்ததும் வேலி ஓரமாக மைதானம் முழுக்க நடந்து கைகொடுத்தான். இது கிளம்புகிறவன் நடை என்றார்கள் சிலர். கிளம்புகிறவன் இவ்வளவு சிரிப்பானா என்றார்கள் சிலர். சாரணர் கூடத்துப் பேச்சு கார் நிறுத்தும் இடத்திலும் தொடர்ந்தது.

அக்டோபரில் டிரேட் முடிந்தது, நேட் பெர்த்துக்குப் போனான். பதிலுக்குப் புதுப் பையன்களை எடுப்பதில் பெர்த்தின் முதல் வரிசை இடம் இரண்டு கிடைத்தன, உயரமான தடுப்பாட்டக்காரன் ஒருவனும் வந்தான். குடும்பக் காரணம் என்று நேட் சொன்னதை ரேடியோக்காரர்கள் சிரிப்போடு திருப்பிச் சொன்னார்கள். ஸ்லாட்கோ ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்தான். மறுநாளே, பெண்டிகோ ஊரில் பதினெட்டு வயசில் ஒருவன் இருக்கிறான், அந்த இடத்தில் அவனை எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருந்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை, கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் லின் குளத்துக்கு வந்தாள். மேசைக்கு முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"இந்த டேர்ம்ல சேரணும்னா எப்ப பேர் குடுத்திருக்கணும்?"

கேள்வி எங்கே போகிறது என்று கிளெனிஸுக்குப் புரிந்தது. "ஆகஸ்ட்ல," என்றாள்.

"அவர் மக பேர் வந்திருக்காது. அப்ப அந்தச் சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

லின்னின் கண்கள் கலங்கின. "அத்தன பேர் முன்னாடி நின்னு நான் கெஞ்சிப் படிச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

இதற்கு என்ன சொல்வது என்று கிளெனிஸ் அந்த வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தாள்.  "அது நான் சொல்ல வேண்டிய சேதி இல்ல, லின்," என்று மட்டும் சொன்னாள்.

"அது எனக்கும் புரியுது. ஆனாலும் கோவமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். கோவப்படு."

லின் போய்விடுவாள் என்று கிளெனிஸ் நினைத்தாள். லின் போகவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி, கண்ணாடிக்கு அப்பால் குழந்தைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்பதைப் பார்த்தாள். மார்லி இருந்த இடத்தில் இப்போது ஒரு பல் விழுந்த பையன் தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டிருந்தான்.

"அவங்க எப்படி? அந்த கீரா," என்றாள் அங்கிருந்து கண்ணை எடுக்காமல்.

கிளெனிஸ் சொல்லத் தொடங்கினாள். இரவு முழுக்கப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்து, அந்தப் பெஞ்சிலேயே தூங்கிவிடுவாள். குளத்துக் காபி வாயில் வைக்க முடியாது என்று திட்டிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பாள். ஒருமுறை உடை மாற்றும் அறையில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் தரையில் உட்கார்ந்து அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். சொல்லச் சொல்ல கிளெனிஸுக்கு அழுகை வந்தது. நேட்டுக்காக வரவேண்டிய அழுகை இத்தனை நாளும் ஏன் வரவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மேசையில் வியாழன்தோறும் அவள் எதிர்பார்த்திருந்தது வேறு ஆளை.

ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். லின் ஒதுங்கி வழிவிட்டாள். கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு டிக்கெட் கொடுத்தாள். லின் அங்கிப் பைக்குள் கைவிட்டபடி, மீதியைக் கேட்க ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.