சி என்ற புள்ளி

பேராதனையில் பௌதிகவியல் படிப்பித்த சோதிலிங்கத்துக்கு மூளைக்குக் குறைவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு பஸ்ஸில் போகிறவர் எதைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்ற புத்திதான் இல்லை. குருநாகலிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸைக் கலகெதர தாண்டிப் பொலிஸார் மறித்தார்கள். அவருடைய பையிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. நடுவில் வட்டம், சுற்றிவர ஏ, பி, சி, டி என்று நாலு புள்ளிகள். சி-யின் பக்கத்தில் அடுத்த மாதத் திகதி. அதன் கீழே ஆங்கிலத்தில், 'பெரிய வெளிச்சம் வரலாம்.'

குண்டு வைக்கும் திட்டமென்று சந்தேகிக்க இது போதாதா? அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள்; பஸ் போய்விட்டது. விசாரணைக்கென்று கொழும்புக்கு அனுப்பினால் எப்போது திரும்புவோம் என்று சோதிலிங்கம் கணக்குப் பார்த்தார். அவருடைய சிங்களம் பாண் வாங்க மட்டுமே காணும். நல்லகாலம், அதே பஸ்ஸில் வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முஹ்ஸினும் இறங்கிக் கூடவே வந்திருந்தார்.

"பயப்பட வாணாம் சேர். நீங்க விசயத்தச் செல்லுங்க, நான் சிங்களத்துல செல்றேன்."

"நாநா, அது குவாசர். சரியான தூரத்து வெளிச்சம். நடுவில நிக்கிற விண்மீன் மண்டலம் ஒளியை வளைக்கிறதால ஒண்டு நாலாத் தெரியுது. நாலும் மாறினால் குவாசர்தான் மாறுது. சி மட்டும் மாறினால், குறுக்கே ஒரு நட்சத்திரம் போகுது. அந்த வெளிச்சம் கூடிக் குறையிற வேகத்தை வைச்சுக் குவாசரின்ர நடுப்பகுதி எவ்வளவு பெரிசெண்டு கணிக்கலாம்."

முஹ்ஸின் தன் கண்ணாடியைக் கழற்றி, முன்னும் பின்னும் ஆட்டி ஏதோ விளக்கினார். இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது எங்கே?

"எண்ணூறு கோடி ஒளியாண்டு" என்றார் சோதிலிங்கம்.

வாக்குமூலத்தைப் பொலிஸ் கொப்பியில் முஹ்ஸினே சிங்களத்தில் எழுதினார். ஓரெழுத்தும் விளங்காத அந்தப் பக்கத்தில் சோதிலிங்கம் கையெழுத்து வைத்தார். இன்ஸ்பெக்டர் வாசித்தார், இன்னொருமுறை வாசித்தார், கொப்பியை மூடிவிட்டுப் போகச் சொன்னார்.

வீதிக்கு வந்ததும் மதகில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார் சோதிலிங்கம். உயிர் திரும்பி வந்த சந்தோஷம்.

"அப்படி என்னதான் எழுதினீங்கள், நாநா?"

"பொய் ஒன்டும் எழுதல்ல சேர். சம்பவம் நடக்கிற இடம் இந்தப் பொலிஸ் பிரிவுக்கு வெளிய ஈக்கி, விசாரிக்கிறதென்டா அங்கத்தப் பொலிஸ்தான் விசாரிக்கோணும் என்டு எழுதின."