தொட்டியில் குளிர்ந்த தர்பூசணி

அழுத்தும் இயந்திரத்தில் ராட்காவின் கான்கிரீட் கட்டி பொசுக்கென்று நொறுங்கியது. அதற்கு முன் வைத்த பழைய சிமெண்ட் கட்டி கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்றிருந்தது.

"உன் சிமெண்டுக்கு இன்னும் தூக்கம் கலையல போல," என்றார் மேஸ்திரி இலியா. "ரோட்டுல போட்டா லாரிக்காரன் தாலாட்டுவான்."

"மெதுவாத்தான் இறுகும், அண்ணே. ஆனா இவ்ளோ மோசமா இருக்காது."

இரும்பு உலைக் கசடு கலந்த அந்தப் புதுச் சிமெண்டுக்காக அவள் இரண்டு வருடம் அலைந்திருந்தாள். நாளை சாலைத்துறை அதிகாரிகள் வருகிறார்கள். கட்டி தோற்றால் பிளேவன் சாலை முழுக்கப் பழைய சிமெண்ட்தான்.

"விடு. இன்னிக்கு என் பெயர் நாள். சாப்பிட வா."

தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்தான் பெயர் நாள்; அதற்கு அங்கே யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்களுக்கு இல்லையென்பதும் இல்லை. கொட்டகையில் ரோடு போடும் ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ராட்கா தர்பூசணியைக் கடித்தாள். பல் கூசியது. ஜூலை வெயிலில், குளிர்பெட்டியே இல்லாத இடத்தில்!

தோலைத் தடவினாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"அண்ணே, இதை எங்க வச்சிருந்தே?"

"உன் கட்டிங்க இறுகறதுக்கு ஊறுற தொட்டியிலதான். தண்ணிச் சூட்டைக் குறைக்கிற குமிழைக் கொஞ்சம் திருப்பினா ஐஸ் மாதிரி ஆயிடுது. வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து பீரெல்லாம் அங்கதான்."

"குளிர்ல என் சிமெண்ட் இறுகாது, அண்ணே. பழசு தாங்கும்."

இலியா வாயிலிருந்த விதையை விழுங்கிவிட்டார்.

தன் பெயர் நாளன்று, விருந்தாளிகள் வேடிக்கை பார்க்க, அவரே துளைபோடும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். சோதனைக்காகப் போட்டிருந்த சாலைத் துண்டிலிருந்து இரண்டு சிமெண்டிலும் தலா ஓர் உருளை வெட்டினார். அந்தத் துண்டு ஒரு மாதமாக நல்ல வெயிலில் கிடந்தது.

பழைய சிமெண்ட் உருளை முதலில் உடைந்தது. ராட்காவின் உருளையை வைத்ததும் இயந்திரத்தின் அளவு முள் மெல்ல ஏறி, பழையதன் அளவைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் விரிசல் விட்டது.

"சரி, முழிச்சுக்கிச்சு," என்று இலியா பிடரியைச் சொறிந்தார். "நாளைக்கு அதிகாரிங்ககிட்ட இதையே காட்டு. தொட்டி விஷயத்தையும் நானே சொல்லிடறேன். ஆனா இனிமே பீரை எங்க வைக்கிறது?"

"பழைய சிமெண்டுக்குத் தனித் தொட்டி வைக்கிறேன், அண்ணே. பீர் அதோட படுத்துக்கட்டும். அதுக்குத்தான் குளிர் ஒண்ணும் பண்ணாதே."