கடல் பக்கத்து ஜன்னல்

கரமனைத் தெருவில் எழுபத்துமூன்றாம் வருஷம் வரை யாரும் விமானம் ஏறியதில்லை. முதலில் ஏறப்போவது தன் ஓரகத்தி சீதாலக்ஷ்மி என்று தெரிந்ததிலிருந்து விஜயத்துக்கு வயிறு எரிந்தது. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள். அண்ணன் பெண்டாட்டி ஆகாயத்திலும் தம்பி பெண்டாட்டி அடுப்படியிலும் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

சீதாலக்ஷ்மி தம்பதியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பம்பாய்ப் பிள்ளை, அப்பா அம்மாவுக்கு டிக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, “இடப்பக்கம் ஜன்னல் சீட்டாக் கேளு அம்மா, வழியெல்லாம் கடல்தான்” என்றும் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். பால்காரனிலிருந்து பூக்காரி வரை எல்லோரிடமும் சீதாலக்ஷ்மிக்கு அதே பேச்சு.

விஜயம் சமையலறை ஜன்னலோரம் இரண்டு மணைகளைப் போட்டு, மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்த ஓரகத்தியிடம் போனாள்.

“மன்னி, அறுபது முடிஞ்சு முதல் யாத்திரை. மணைல உக்காந்த மாதிரிதான் உக்காரணும். அவருக்கு வலப்பக்கம் நீங்க.”

சீதாலக்ஷ்மி கையால் காற்றில் கணக்குப் போட்டாள். “இடப்பக்கத்து சீட்டுன்னா ஜன்னல் அவருக்கில்லையோ போயிடும்?”

“வலப்பக்கம் கேளுங்கோ. ஜன்னல் உங்களுக்குத்தான்.”

“அந்தப் பக்கம் என்ன தெரியும்?”

“தென்னமரம்” என்றாள் விஜயம், மிகவும் பணிவாக.

சாஸ்திரத்தில் விமானம் எங்கே வந்தது என்று கேட்க சீதாலக்ஷ்மிக்குத் தோன்றவில்லை. பயந்த சுபாவம். விஜயம் நம்பியதும் அதைத்தான்.

ஊர் திரும்பியதும் முதலில் விசாரிக்கப் போனவள் விஜயம்தான்.

“கடல் பாத்தேளா மன்னி?”

“எங்கே? பிள்ளை சொன்ன இடப்பக்கம்தான் உக்காந்தோம். நீ சொன்னபடி அவருக்கு வலப்பக்கம் நான்; ஜன்னலை அவருக்குக் குடுத்துட்டேன்.”

விஜயத்தின் வயிற்றில் மோரை வார்த்தது போலிருந்தது.

“ஆனா அவர் வாயே மூடலை, கேட்டயோ. ‘சீதா, வள்ளமெல்லாம் கட்டெறும்பாட்டம் போறது. சீதா, இங்கே தண்ணி பச்சை, அங்கே நீலம்.’ பம்பாய் வரைக்கும் எனக்குச் சொல்லிண்டே வந்தார். இத்தனை வருஷத்துல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்னிக்குத்தான்.” சீதாலக்ஷ்மியின் முகம் புதுப்பெண் முகமாகச் சிவந்திருந்தது. “நீ சொல்லாட்டா நான் கடலைப் பாத்துண்டிருப்பேன், அவர் தூங்கியிருப்பார். உனக்குக் கோடிப் புண்ணியம் விஜயம்.”

விஜயத்துக்கு விமானமும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுதான் நெஞ்சைப் பிடுங்கியது. அவளுடைய புருஷன் அவளை அழைக்க வைத்திருந்த ஒரே வார்த்தை ‘இந்தா’.

அன்று சாப்பாடு போடும்போது, அவருக்கு வலப்பக்கமாக ஒரு மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சங்குமுகத்துக் கடல் எப்படி இருக்கும்? சொல்லுங்கோ.”

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உப்புக் கரிக்கும்” என்றார். “இந்தா, ரசத்தைக் கொண்டா.”