கஞ்சி போட்ட இங்கிலீஷ்

1

இந்தக் காலத்து ஆளுகளுக்கு ஒருத்தர் ஒழுங்காக எழுதினால் சந்தேகம், தாறுமாறாக எழுதினால் நம்பிக்கை. இந்தக் கதை பிறந்ததே அந்த எரிச்சலில்தான். நான் படிச்சது ஏழாம் கிளாஸ். நம்பினால் வாசியுங்க.

2

தொடக்கம், முதல் தடவை: "செங்கல் கிராமத்தின் ரப்பர் தோட்டங்களில் பொன்னொளி படர்ந்த அந்த இனிய காலையில்..."

(இது நான் எழுதினதில்லை. மகள் அஸ்வதியின் கம்ப்யூட்டரில், கேட்டால் தானே எழுதித்தருகிற ஏஐ மெஷின் எழுதினது. எங்க ஊர் செங்கலில் அன்றைக்கு மழையாக்கும். பொன்னொளியாம்! அழிக்காமல் விட்டிருக்கேன், நீங்களும் பார்க்கணும்.)

3

அஸ்வதி திருவனந்தபுரத்து கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். அந்தத் தொழில்காரர்கள் சந்தேகம் கேட்க, பதில் சொல்ல ஆன்லைனில் ஒரு குழு உண்டு. மெஷின் எழுதின பதிலை அங்கே போட்டால் ஆளையே வெளியே தள்ளணும் என்று சண்டை பிடித்து விதி கொண்டுவந்தவள் அஸ்வதி. அந்த விதியில் முதலில் மாட்டினதும் அவளேதான்.

காரணம் அவளுடைய இங்கிலீஷ். வீட்டில் நாங்கள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். அது வெளியே தெரியக்கூடாது என்ற கூச்சத்தில், கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் எழுதுவாள். "மனுஷர் இப்படியா எழுதுவாங்க?" என்று எவனோ கிளப்பிவிட, குழுவை நடத்துகிற ஆரியங்கோட்டு ஊர்க்காரன் சஜின் அவளை வெளியே தள்ளிவிட்டான்.

மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கைக்கூட அவள் தொடவில்லை. [இங்கே அவளை அழவைத்தால் நல்லா இருக்குமோ? அவள் கண்ணில் நீர்... வேண்டாம். அழுகிற ஆளில்லை அவள்.]

4

சஜினுக்கு போன் போட்டாள். முதலில் மரியாதையாகத்தான் பேசினாள்.

"அக்கா, எனக்கு உங்கள அறியாம், நல்லாத் தெரியும். ஆனா விதி நீங்க வச்சதல்லியா?" என்றான் அவன்.

அவ்வளவுதான், கஞ்சி கழன்றது.

"எலே, மண்டை காஞ்சு நான் எழுதினதாக்கும் அது! ஒனக்குத் தலையில இருக்கது மூளையா, தேங்காத்தண்ணியா?"

சஜின் சிரித்தான். "இதை அப்படியே குழுவில எழுதுங்க அக்கா. இப்படி ஏசுற மெஷினை இன்னும் ஒருத்தனும் உண்டாக்கல்ல."

எழுதினாள், நம்ம வீட்டுப் பேச்சிலேயே. சாயங்காலத்துக்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

5

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சஜின் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்: "அப்ப அந்த விதிய எடுத்துரட்டா அக்கா?"

ஒரு முடிவு: எடுக்கச் சொல்கிறாள். நாளை முதல் குழு முழுக்கப் பொன்னொளி படரும்.

இன்னொரு முடிவு: இருக்கட்டும் என்கிறாள். அடுத்து ஒழுங்காக எழுதுகிற வேறொரு பிள்ளை வெளியே போகும்.

மூன்றாவதாக ஒன்று... தோணவில்லை.

"அப்பா, நீங்க என்ன சொல்லுதீங்க?"

"ஏசினாத்தான் மனுஷின்னு நம்புறான். நாளைக்கு மெஷினும் ஏசப் படிச்சா என்ன செய்வான் ஒங்க சஜின்?"

"ஒங்களுக்கு எதிலதான் நம்பிக்கை உண்டு!" என்று மரச்சீனியை வாய்நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாப்பிட்டாளே, எனக்கு அது போதும். விதி இருக்கணுமா போகணுமா என்று நீங்களே அவளுக்குச் சொல்லிக்கொடுங்க. எனக்கு அந்த மெஷின்மேலும் நம்பிக்கை இல்லை, சஜின்மேலும் இல்லை. மழை விட்டிருக்கு. நான் சந்தைக்குப் போறேன்.