அக்காவான தங்கை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இளைய மகள், தன்னைவிட ஒரு வருடம் முன்னால் பிறந்த அக்காவை முப்பத்து நான்காவது வயதில் முந்திக்கொண்டு, அவளுக்கே அக்காவானாள். அதே வாரத்தில் பக்கத்து மருந்துக்கடையின் ஷட்டர் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் திறக்காமல் கிடந்தது. கடைத்தெருவில் அதைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் பேசினார்கள்.

இளையவள் ரமலான் மாதத் தலைப்பிறை தெரிந்த நிமிடத்தில் பிறந்தவள். மற்றவர்களைப் போல அவளுக்கு நாளுக்கு நாள் வயது ஏறவில்லை. நகமும் முடியும் மட்டும் வளர்பிறையில் வளரும், தேய்பிறையில் நின்றுவிடும். மற்றபடி வருடம் முழுக்க அப்படியே இருப்பாள். அடுத்த ரமலான் பிறந்துவிட்டது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஒரு வருட வளர்ச்சி மொத்தமாக வந்து இறங்கும். நான்கு வயதில் சட்டைக் கை ஒரே மூச்சில் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறியது. ஏழு வயதில் முன்பற்கள் மூன்று ஒன்றாகக் கையில் வந்தன. பத்து வயதில் புதுச் செருப்பின் வார் பட்டென்று அறுந்தது, அதிலிருந்து வருடா வருடம் அந்த ஒரு மாலை மட்டும் வெறுங்காலோடு நிற்பாள். அவளுடைய அம்மா சூரியன் இறங்குவதற்குள் பெரிய அளவில் ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, போட்டிருப்பதன் பொத்தான்களையும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். துணி வீணாகக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு கவலை இருந்ததில்லை.

வானம் மூட்டமாக இருக்கிற வருடங்களில் அக்கம்பக்கத்தார் மொட்டைமாடிக்குப் போவதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையின் சட்டைக் கை ஏறியிருந்தால் பிறை பிறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் இமாமிடமே போய்க் கேட்டார். "பிறையைக் கண்ணால பார்க்கணும், இல்லைன்னா மாசத்தை முப்பதா முடிக்கணும். சட்டையை அளந்து நோன்பு பிடிக்கச் சொல்லலை" என்றார் அவர். பிள்ளையின் உடம்பும் அந்தச் சட்டத்தைத்தான் மதித்தது. யாரும் பிறையைக் காணாத இருபத்தொன்பதாம் நாளில் ஒரு நூல்கூட வளராது.

சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினோரு நாள் குட்டை. அதனால்தான் நோன்பு ஒரு தலைமுறைக்குள் கோடையில் வந்து, குளிரில் வந்து, மழையில் வந்து, முப்பத்து மூன்று வருடத்தில் பழைய பருவத்துக்கே திரும்புகிறது. அந்தச் சுற்று முடியும்போது இளையவளின் கணக்கில் மட்டும் ஒரு வயது கூடுதலாகச் சேர்ந்திருக்கும். மூத்தவள் சுவர்க் காலண்டர்படி வளர்ந்தாள், இளையவள் பிறைப்படி வளர்ந்தாள். சத்தமில்லாமல் வருடத்துக்குப் பதினோரு நாளாக அக்காவை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மா இதை விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தாள். எண்ணியவள் யாரிடமும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் கடைக்காரரும் படுத்த படுக்கையானார். கடைசியாக அவர் சொன்னது, "மூத்தவ சொல்றதை இளையவ கேட்கணும்" என்பதுதான். மூத்தவளுக்கு அப்போது இருபது. அன்றிலிருந்து ஷட்டரைத் தூக்குவதும், கண் சோதிப்பதும், வீட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவு செய்வதும் அவள்தான். இளையவள் உள்ளறையில் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ப இழைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை, அதற்கு அவள் நேரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ரமலான் பிறைக்கும் தங்கையின் பார்வை ஒரு வருட அளவுக்கு மாறிவிடும், முந்தின நிமிடம் வரை போட்டிருந்த கண்ணாடி உதவாது. மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே நாற்காலியில் உட்காரவைத்து, சோதித்து, புது நம்பர் எழுதுவாள். அந்த ஒரு வேலையை மட்டும் அவள் அதட்டாமல் செய்தாள்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று தரம் தன் கண்ணாடியின் காதுக் கம்பியை உடைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தரம், கேட்பதற்கு முன்பே, வேண்டுமென்றே உடைத்ததாக இளையவளிடம் சொல்லிவிட்டார். முறையாகப் பெண் கேட்டும் வந்தார். மூத்தவள் ஒரே பேச்சில் முடித்தாள்: "ஊர் ஊரா லிஃப்டைக் கட்டிக்கிட்டு அலையிறவன். பாதியில நின்னுட்டா யாரு இறக்கி விடுறது?" அவள் சொல்லாமல் விட்டது, தங்கை போய்விட்டால் சாயந்தரம் யாரிடம் சத்தம் போடுவது என்பதை. இளையவள் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா சொல்லிவிட்டுப் போன பேச்சு பேச்சுதான். லிஃப்ட்காரரிடம் மட்டும், "ரெண்டு வருஷம் பொறுத்துக்கோங்க. நான் மூத்தவளாயிடறேன், அப்புறம் நானே முடிவு பண்றேன்" என்றாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரியான யோசனைதான் என்றார்.

அடுத்த வருடம் இருவருக்கும் ஒரே வாரத்தில் முப்பத்து மூன்று முடிந்தது. மூத்தவள் மயிரிழையில் முன்னால் இருந்தாள். அதற்கடுத்த வருடம் அவளுடைய பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போதே ரமலான் வந்து நின்றது. ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள் மாலை மேகம் திரண்டு எதுவும் தெரியவில்லை. மூத்தவள் அன்றைக்கு வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தாள், வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி துடைக்கிற துணியை இலவசமாகக் கொடுத்தாள். "முப்பதுக்கு மேல எந்த மாசமும் போகாது" என்று இளையவள் உள்ளறையிலிருந்து சொன்னாள். மறுநாளும் மழை. ஆனால் இனி யாரும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சூரியன் மறைகிற நேரத்துக்கு மூத்தவள் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கடையில் இருந்த மின்விசிறிகளையெல்லாம் வேகமாக வைத்தாள். ஷட்டரின் அடி இடுக்கு வழியாகச் சாரலோடு அறிவிப்பும் உள்ளே வந்தது.

இளையவளின் காதோரம் ஒரு முடி நரைத்தது. அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தடவிக்கொண்டே போய், கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். மூத்தவள் வேறு வழியில்லாமல் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள். ஒன்று கைதவறிக் கீழே விழுந்து உருண்டது.

"எது தெளிவா இருக்கு? இதுவா, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்போ?"

"இப்போ நல்லா தெரியுது. நீ அழறதுகூடத் தெரியுது."

"நான் ஒண்ணும் அழலை."

"அழுதா என்ன? நான்தான் இருக்கேனே."

"நீ எங்க இருக்கப் போற? அவனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவ."

"கட்டிக்கத்தான் போறேன். போறதுக்கில்லை. அவர்தான் இங்க வர்றார், மாடியில ரூம் எடுக்கணும்னு எப்பவோ சொல்லிட்டேன்."

மூத்தவள் கீழே விழுந்த லென்ஸைக் குனிந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, வாழ்க்கையில் ஒரு முறைகூட உச்சரித்திராத வார்த்தையை, ஏதோ பழக்கப்பட்டது போலவே சொன்னாள். "அக்கா, அப்பா போனதிலேருந்து எனக்குத் தலை வலிக்குது."

இளையவள் எழுந்து அவளை அதே நாற்காலியில் உட்காரவைத்தாள். ஊருக்கெல்லாம் கண் பார்த்தவளுக்கு இத்தனை வருடத்தில் யாரும் கண் பார்த்ததில்லை. சோதித்துப் பார்த்தால் பெரிய நம்பராகவே இருந்தது. தெருக்கோடிப் பலகையை அவள் படித்துவந்ததெல்லாம் மனப்பாடத்தில்தான் என்பது அப்போது தெரிந்தது. மறுநாள் அவள் மதியம் வரை தூங்கினாள். ஷட்டரைப் புது அக்கா தூக்கினாள். சில நாள் கழித்துப் புதுத் தங்கைக்கும் முப்பத்து நான்கு வந்தது, அதற்குள் எல்லாம் கைமாறியிருந்தது.

பெருநாள் கழிந்ததும் கல்யாணம் நடந்தது. லிஃப்ட்காரர் பயந்து பயந்து அண்ணி என்று கூப்பிட்டுவந்தவளைக் கொழுந்தியாள் என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார். அவளும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்கள் தடுமாறியது ஒரு மாதம்தான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டவனுக்குப் படி கொஞ்சம் உயரமாகத் தெரியுமே, அந்த அளவுக்குத்தான். தலைவலி போன தங்கை முன்பைவிடக் குண்டானாள், சினிமாவுக்குப் போனாள், அக்காவிடம் கேட்காமல் ஒரு சைக்கிள் வாங்கித் திட்டு வாங்கினாள்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், ஒரு நாள் தங்கைதான் சைக்கிளில் அழைத்துவரப் போனாள். புதிதாக வந்திருந்த ஆசிரியை அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்த்து, பதிவேட்டில் இருந்த அம்மாவின் வருடத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் குழந்தையிடம் கேட்டார். "இவங்க உங்க அம்மாவுக்கு முன்னாடி பிறந்தவங்க. அப்போ பெரியம்மாதானே? நீ ஏன் சித்தின்னு சொல்றே?"

"நான் பிறக்கறதுக்கு முன்னாடி பெரியம்மாவா இருந்தாங்க டீச்சர்" என்றது குழந்தை. "இப்போ சித்தி."

ஆசிரியை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்தியின் பின்னால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி குழந்தையிடம் சொன்னார்.