ஊசிக்கு ஒரு கண்

அக்கா என் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. அக்காவுக்கும் வந்து, தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாள். அதனால் நானும் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டுமாம். நாற்பது தாண்டிய மற்றவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போனால் போதுமாம், நம் வீட்டு ரத்தத்துக்கு அது போதாதாம். வலிக்கவில்லை, உறுத்தவில்லை, எதற்கு டாக்டர்? நான் தையல்காரி. இருப்பதிலேயே பொடி ஊசியாக எடுத்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரே குத்தில் நூலைக் கோத்துக் காட்டுவேன்.

போன வாரம் ஒரு சட்டைக்குக் கை வெட்டும்போது வலது கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்தது. அதைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தேன். கடையைக் காணவில்லை. மெஷின் இல்லை, துணி இல்லை, அளவு கொடுக்க வந்து எதிரில் நின்ற அம்மாளும் இல்லை. ஓரத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன். பட்டப்பகலில் என்ன கரண்ட் என்று அந்த அம்மாள் சிரித்தாள். கண்ணிலிருந்து கையை எடுத்தேன், கடை திரும்பி வந்தது. இத்தனை காலமும் ஊசி கோத்தது வலது கண் மட்டும்தான். இடதை நானே மூடி வைத்துக்கொண்டு பெருமையடித்திருக்கிறேன்.

அக்காதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இடது கண்ணில் போன பார்வை திரும்பாது, வலதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடலாம் என்றார். மிச்சமாவது, எச்சமாவது! அது முழுசாகத்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

இடது கண்ணை மறைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். டக் டக்கென்று அமுக்கினேன். அக்கா பின்னால்தான் நிற்கிறாள், நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கி அமுக்கினேன். பிறகு வெளிச்சம் வரவில்லை. காத்திருந்தேன். கழுத்து வலித்தது. சோதிப்பதற்கு நல்ல மெஷினாக வாங்கி வைக்கக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது.

"மெஷின் நின்னுடுச்சும்மா, என்னன்னு பாரு" என்றேன்.

மெஷினருகே இருந்த பெண் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். அக்காவின் கை என் தோளில் வந்து விழுந்தது.

"நிக்கலம்மா" என்றாள் அந்தப் பெண். "வெளிச்சம் வந்துகிட்டேதான் இருக்கு."