ஏகநாதன் மைக்கில் சொன்னது

பரம்பரை நிலத்தை மனை மனையாக விற்றுத் தீர்த்து, மிச்சத்தில் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கியபோதுதான் சேலையூர் ஏகநாதனுக்குத் தான் ஒரு வள்ளல் என்பது தெரியவந்தது.

தரைக்கான கருங்கல் பலகைகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. லாரியிலிருந்து தரைக்குக் கட்டைகளைச் சாய்த்து, அவற்றின்மேல் கல்லை நழுவவிட்டு இறக்குவது லோடுமேன்கள் வழக்கம். கட்டை போட அரைமணி ஆகும். பத்தரைக்கு ராகு காலம். கட்டையெல்லாம் வேண்டாம், அப்படியே இறக்குங்கள் என்று விரட்டினார் ஏகநாதன். ஐந்து நிமிடம் முன்னதாகவே கல் இறங்கியது, லோடுமேன் துளசிங்கத்தின் இடது பாதத்தில்.

நல்ல நேரத்தில் நசுங்கியும் பாதம் பிழைக்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸிடம், ஆள் குடித்திருந்தான் என்றார் ஏகநாதன். துளசிங்கம் டீயைத் தாண்டி எதையும் குடித்தவனில்லை. ஆனால் மண்டபம் கட்டுகிறவர் பொய் சொல்வாரா? தண்ணி லாரி வரிசையில் அவன் மனைவி அஞ்சம்மாளுக்குக் 'குடிகாரன் பொண்டாட்டி' என்று பெயர் விழுந்தது. கால் போனதைவிட இதுதான் அவனை அரித்தது. எட்டு மாதம் காத்திருந்தான்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் திறப்பு விழா. அன்று காலைதான் பெயர்க்கல் வந்தது. கொடைவள்ளல், ஆன்மிகச் செம்மல் என்று எட்டுப் பட்டங்கள். இடம் போதாமல் அடியில் பொடியாக ஏகநாதன். லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தந்த ஏரியா சரக்கை அந்தந்த ஏரியா லோடுமேன்தான் இறக்குவான். அவர்களோ பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் படப்பையிலிருந்து வரவழைத்த ஆட்களும் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நெருப்புக் கேட்டார்கள். லாரி சாவி லோடுமேன்களின் மேஸ்திரி கிபாயத்துல்லாவின் மடியில் இருந்தது.

மந்திரி வர அரைமணிதான். எதுவானாலும் பேசித் தீர்க்கலாம் என்று ஏகநாதன் இறங்கி வந்தார். துளசிங்கம் கம்பை ஊன்றி எழுந்தான்.

"ஒண்ணும் வாணாம் மொதலாளி. மைக் செட்டு கீதே, அதுல சொல்லு. நான் குடிக்கலன்னு சொல்லு. யாரு அவசரத்துல கல்லு வுழுந்துச்சின்னும் சொல்லு."

தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்க வேண்டும் என்று ஏகநாதனே உத்தரவு போட்டுக் கட்டிய ஒலிபெருக்கி. பட்டுச் சட்டை முதுகில் ஒட்ட, சொன்னார். துளசிங்கம் குடிக்கவில்லை, கட்டை போடவிடாமல் விரட்டியது நான்.

லோடுமேன்கள் எழுந்தார்கள். துளசிங்கம் கையமர்த்திவிட்டு அஞ்சம்மாளைப் பார்த்தான்.

"எனுக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள் அவள், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

மறுபடி சொன்னார். வாசலில் கூடியிருந்த தண்ணி வரிசைப் பெண்களுக்கும் சரியாகக் கேட்கவில்லையாம். மூன்றாம் முறை குரல் உடைந்தது. அதற்குள் மந்திரியின் கார் வந்து லாரிக்குப் பின்னால் நின்றது. ஏகநாதன் மைக்கைக் கீழே வைக்கப் போனார்.

"இரு சார்," என்றாள் அஞ்சம்மாள். "கார்ல வந்தவங்க இப்பத்தான வந்துகீறாங்க. அவங்களுக்கு மொதல்லேர்ந்து சொல்லு."